‘எப்ப வேணாலும் ஃப்ரீதாங்க’: டேட்டிங்கில் ஆண்கள் சறுக்கும் இடமும் அதைச் சரிசெய்யும் வழியும்

டேட்டிங் ஆப்பில் மேட்ச் ஆகி (இருவரும் ஒருவரையொருவர் லைக் செய்து) நாலைந்து நாள் கலகலப்பாகப் பேசிய பெண், "மீட் பண்ணலாமா?" என்ற கட்டம் வந்ததும் சட்டென்று தணிந்துபோவது சென்னையில் அன்றாடம் நடப்பதுதான். முகமும் சம்பளமும்தான் காரணம் என்று ஆண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் காரணம் அவர்களே அனுப்பிய ஒரு வரி: "நான் எப்ப வேணாலும் ஃப்ரீதாங்க. எங்க, எப்பன்னு நீங்களே சொல்லுங்க."

மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படிக்கிறவருக்கு இரண்டு விஷயம் போய்ச் சேருகிறது. இவருக்கு வேறு சோலி இல்லை என்பது ஒன்று. இடம் தேடுவது, நேரம் பார்ப்பது, ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் திரும்ப முடியுமா என்று கணக்குப் போடுவது என எல்லாமே இனி என் தலையில் என்பது இன்னொன்று. நேரத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதும் முடிவெடுக்காமல் ஒதுங்குவதும் ஒரே வரியில் சேர்ந்துவிட்டன. நம்பிக்கையும் நேரமும் தனித்தனிப் பிரச்சினைகள்போலத் தெரிந்தாலும் நடைமுறையில் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தக் கையேடு ப்ரொஃபைல் போடுவதிலிருந்து மூன்றாவது சந்திப்பு வரைக்குமானது. உதாரணங்கள் சென்னையில் வேலை பார்க்கும் ஆண்களை மனதில் வைத்தவை. கோவை, பெங்களூர்க்காரர்கள் இடப்பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

காக்கவைத்தால் ஈர்ப்பு வருமா?

"லேட்டா ரிப்ளை பண்ணு, கண்டுக்காத மாதிரி இரு, தானா வருவா." யூடியூபில் இந்த உபதேசத்துக்குப் பஞ்சமே இல்லை. இதில் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், மீதியைத் தூக்கிப்போட்டுவிடலாம்.

2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவிகள் 47 பேருக்கு, அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட சில ஆண்களின் பக்கங்களைக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம் "இவங்களுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றும், இன்னொரு பிரிவினரிடம் "சுமாராப் பிடிச்சிருக்கு" என்றும், மூன்றாம் பிரிவினரிடம் "ரெண்டுல எதுன்னு தெரியல" என்றும் சொன்னார்கள். அந்த ஆண்கள்மேல் அதிக ஈர்ப்பு வந்தது மூன்றாம் பிரிவினருக்குத்தான். உபதேசிகள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்வில், "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று கேட்ட பெண்கள், "சுமார்" என்று கேட்ட பெண்களைவிட அதிக ஈர்ப்பு காட்டினார்கள். ஆக, பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொண்டதால் யாரும் கெட்டுப்போகவில்லை. சுமாராகத்தான் பிடித்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் கடைசி இடத்தில் நின்றார். தவிர, அந்த மாணவிகளை யாரும் மூன்று நாள் ப்ளூ டிக்கில் நிறுத்திவைக்கவில்லை. ஒரே அமர்வு, அதுவும் திரையில் பார்த்தது.

நமக்கு இதைவிட உதவுவது 2007-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடந்த ஸ்பீட் டேட்டிங் ஆய்வு. ஆளுக்குச் சில நிமிடப் பேச்சுதான். அதற்குள்ளேயே, எதிரில் உட்காரும் எல்லோர்மேலும் ஆசைப்படுகிறவர்களை மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போனது. குறிப்பிட்ட ஒருவரை மட்டும் விரும்பியவர்களை, விரும்பப்பட்டவரும் பதிலுக்கு விரும்பும் வாய்ப்பு கூடியது. 1973-லேயே வேறொரு ஆய்வுக் குழு, மற்றவர்களிடம் எளிதில் மடங்காதவர் தன்னிடம் மட்டும் ஆர்வம் காட்டுவதே அதிகம் கவர்கிறது என்று கண்டிருந்தது. அந்த ஆய்வில் மதிப்பிட்டவர்கள் ஆண்கள், மதிப்பிடப்பட்டவர்கள் பெண்கள். என்றாலும் இரண்டும் காட்டுகிற திசை ஒன்றுதான். எல்லோருக்கும் கிடைக்கிறவர் என்ற வாசனை வந்தால் ஈர்ப்பு விழுகிறது. எனக்காக நேரம் ஒதுக்கினார் என்று தெரிந்தால் ஏறுகிறது.

நம்பிக்கை விஷயத்திலும் ஒரு திருத்தம் தேவை. தன்னைப் பற்றி மிகையாக எண்ணுகிறவர்களின் ப்ரொஃபைல்கள் எப்படி எடுபடுகின்றன என்று பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. படிப்பவர்களுக்கு அவர்கள் நம்பிக்கையானவர்களாகத் தெரிந்தார்கள். கூடவே திமிர் பிடித்தவர்களாகவும் தெரிந்தார்கள். முதலாவதில் கிடைத்த லாபத்தை இரண்டாவது தின்றுவிட்டது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால், கெத்து எடுபடும், சீன் எடுபடாது.

முதலில் உங்கள் வாரத்தைச் சரிசெய்யுங்கள்

ஆப்பைத் திறப்பதற்கு முன் போன் காலண்டரைத் திறந்து, வரும் ஏழு நாட்களின் மாலைகளைப் பாருங்கள். இரண்டு மாலைகளில் உங்களுக்கென்று நிலையான ஏதாவது இருக்க வேண்டும். ஷட்டில், ஜிம், பறை வகுப்பு, குவிஸ் கிளப், அம்மாவோடு கடைக்குப் போவது, எதுவானாலும் சரி. இரண்டு வேளைகளைச் சந்திப்புக்கென்று காலியாக வையுங்கள். சனி மாலையும் ஞாயிறு காலையும் பலருக்குத் தோதானவை. மீதியை அப்படியே விடுங்கள்.

நிலையான வேலை ஒன்றுமே இல்லையென்றால் இருப்பதுபோல் அளக்காதீர்கள். இரண்டாம் சந்திப்பிலேயே, "எந்த கோர்ட்ல விளையாடறீங்க?" என்ற ஒரு கேள்வியில் அவிழ்ந்துவிடும். ஏதாவது ஒன்றை உண்மையாகவே தொடங்குங்கள். போகப் போக அது பழக்கமாகும். பேசுவதற்கு விஷயம் கிடைக்கும். ஒரு பெண் பதில் போடவில்லை என்பதற்காக முழு இரவும் போனை முறைத்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையும் வராது. டேட்டிங்கில் பதற்றம் பெரும்பாலும் காலியான மாலைகளில்தான் முளைக்கிறது.

ஓஎம்ஆர் ஐடி நிறுவனங்களில் அமெரிக்க ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் நேரம் கொடுக்க முடியாததை எண்ணிக் கூச்சப்பட வேண்டாம். "திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் சாயங்காலம் 6-லேருந்து ராத்திரி 3 வரை வேலை, அப்ப ரிப்ளை வராது. மத்தியானம் பேசலாம்" என்று மேட்ச் ஆன இரண்டாம் நாளே சொல்லிவிடுங்கள். நேரம் குறைவாக இருப்பது பிரச்சினை ஆவதில்லை. எப்போது இருப்பார், எப்போது இருக்க மாட்டார் என்று தெரியாததுதான் மனிதர்களைச் சோர்வடையச் செய்கிறது.

ப்ரொஃபைலிலும் இதே கணக்குதான். "டிராவல் லவ்வர், ஃபுட்டி, ஜஸ்ட் ஆஸ்க்" என்று எழுதினால் யாருக்கும் எதையும் சொன்னதாகாது. "சனிக்கிழமை காலை பெசன்ட் நகரில் 5 கி.மீ. ஓட்டம். முடிந்ததும் இரண்டு பொங்கல், ஓடியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்" என்று எழுதினால் ஆள் தெரிகிறார், அவருடைய சனிக்கிழமையும் தெரிகிறது. படங்கள் நான்கிலிருந்து ஆறு போதும். கூலிங் கிளாஸ் போடாமல் முகம் தெரியும் படம் ஒன்று, முழு உருவம் ஒன்று, ஏதாவது செய்துகொண்டிருக்கும் படம் ஒன்று கட்டாயம். அடுத்தவர் காரில் சாய்ந்து நிற்பது, கல்யாண க்ரூப் போட்டோவில் பக்கத்தில் இருந்தவரை வெட்டியெடுத்து அவர் தோள் மட்டும் மிச்சம் இருப்பது, கேடிஎம் பைக் மேல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பது எல்லாம் வேண்டாம். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போடவும் வேண்டாம். நேரில் வந்ததும் முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். அந்தச் சந்திப்பு முழுக்க அவர் உங்களிடம் வேறென்ன பொய் இருக்கும் என்று தேடிக்கொண்டிருப்பார்.

லைக் போடுவதில் சிக்கனம் வேண்டும். ஹிஞ்ச் ஆப், பணம் கட்டாதவர்களுக்கு ஒரு நாளைக்குச் சில லைக்குகள்தான் தருகிறது. அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு நல்லதே. வரம்பு தாராளமாக உள்ள ஆப்களிலும் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பத்து பேர், ஒவ்வொருவரின் எழுத்தையும் படித்த பிறகு மட்டும். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு உரையாடலுக்குமேல் வேண்டாம். ஐந்தாவது வந்ததும், அண்ணனோடு தஞ்சாவூரில் வளர்ந்தது யார், தங்கையோடு தூத்துக்குடியில் வளர்ந்தது யார் என்று குழம்பி மாற்றிக் கேட்பீர்கள். ஸ்பீட் டேட்டிங் ஆய்வு சொன்ன ‘எல்லோரையும் விரும்புகிறவர்’ வாசனை அந்த இடத்தில்தான் வெளியே தெரியும்.

மெசேஜ்: எவ்வளவு, எப்போது

பதில் போட எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சுலபம். பார்த்தீர்கள், கை சும்மா இருக்கிறது என்றால் உடனே போடுங்கள். வேலையில் இருந்தால் வேலை முடிந்ததும் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகுமென்றால் ஒரு வரி போதும்: "மீட்டிங்ல இருக்கேன், 8 மணிக்கு மேல வரேன்." சொன்னபடி 8 மணிக்குமேல் வாருங்கள். இந்த ‘சொன்னபடி வருவது’ இரண்டு வாரத்தில் உண்டாக்கும் நம்பிக்கையை, ஸ்டாப்வாட்ச் வைத்துத் தாமதிப்பது ஒருநாளும் உண்டாக்காது. வேண்டுமென்றே தாமதிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆன்லைனில் பச்சைப் புள்ளி எரிகிறது, இன்ஸ்டாவில் ஸ்டோரி ஏறுகிறது, பதில் மட்டும் வரவில்லை. எதிரில் இருப்பவருக்கும் போன் பார்க்கத் தெரியும்.

அளவும் கவனிக்க வேண்டியது. அவர் இரண்டு வரி எழுதும்போது நீங்கள் பன்னிரண்டு வரி எழுதினால் எடை ஒருபக்கம் சாய்கிறது. ஏறக்குறைய அதே அளவு, கூடினால் ஒன்றரை மடங்கு. அதோடு, காலையில் ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் படம், மதியம் "சாப்டாச்சா?", இரவு "தூங்கலயா?" என்று வருகைப்பதிவேடு எடுப்பதை நிறுத்துங்கள். "சாப்டாச்சா" நம் ஊரில் அன்பான கேள்விதான், அம்மா கேட்டால். முன்பின் தெரியாத ஒருவர் ஒன்பதாவது நாளாகக் கேட்டால் "ம்" என்ற பதிலைத் தவிர வேறு வழியில்லை. அந்த "ம்" வந்ததும் ‘அவங்க சரியாவே பேச மாட்டேங்கறாங்க’ என்ற புலம்பல் ஆரம்பிக்கும். அவர் முந்தைய நாள் சொன்ன ஏதோ ஒன்றைத் தொட்டுக் கேளுங்கள்: "நேத்து ஆடிட் முடிஞ்சுதா, இல்ல அந்த ஃபைல் இன்னும் காணோமா?" ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதே போதும்.

‘நீங்க’வில் தொடங்குங்கள். ‘நீ’க்கு மாறுவதை அவர் ஆரம்பிக்கட்டும், இல்லாவிட்டால் நேராகவே கேளுங்கள்: "வா போன்னு பேசலாமா, இல்ல இப்படியே போகலாமா?" முதல் வாரத்திலேயே "மா", "டி" என்று சேர்ப்பதை நெருக்கம் என்று நீங்கள் நினைப்பீர்கள். படிப்பவருக்கு உரிமை எடுத்துக்கொள்வதுபோல இருக்கும்.

பதில் வராமல் போனால்? நான்கு நாள் விடுங்கள். பிறகு புது விஷயத்தோடு ஒரே ஒரு மெசேஜ். அதற்கும் பதில் இல்லையென்றால் முடிந்தது. "??", "பிஸியா?", "ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?", "ஓகே பை" என்ற நாலடுக்குப் புலம்பல் சேர்த்துவைத்த மரியாதை முழுவதையும் ஒரே இரவில் கரைத்துவிடும்.

கேட்பது எப்படி

உரையாடல் நன்றாகப் போனால் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் நேரில் பார்க்கக் கேளுங்கள். ஒரு மாதம் சாட்டிலேயே ஓட்டினால், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கற்பனையில் வளர்த்துவிடுவார்கள். நேரில் வருகிற ஆள் அந்தக் கற்பனையிடம் தோற்பார்.

ஒரு நல்ல அழைப்பில் என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்ற நான்கும் இருக்கும். இப்படி:

"நீங்க ஆரம்பிச்ச அந்த ஃபில்டர் காபி சண்டைய நேர்ல முடிச்சுக்கலாமா? சனிக்கிழமை சாயங்காலம் 5 மணி, ராயப்பேட்டைல ஒரு கஃபே இருக்கு, மெட்ரோ பக்கம். ஒரு ஒன்றரை மணி நேரம். 7-க்கு மேல எனக்கு ஷட்டில். சனி சரிப்படலன்னா ஞாயிறு காலைல 10.30-ம் ஓகே."

அவர் செய்ய வேண்டியது "சரி" சொல்வது, அல்லது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரிவதால் வீட்டிலோ ஹாஸ்டலிலோ சொல்லிவிட்டு வரவும் அவருக்கு வசதி. முன்பின் பார்க்காத ஆணைச் சந்திக்கப் போகும் பெண் முதலில் யோசிப்பது ‘பிடிக்காவிட்டால் எப்படிக் கிளம்புவது’ என்பதைத்தான். அதற்கான பதிலை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் கவனம். ஷட்டில் என்று சொன்னால் ஷட்டில் இருக்க வேண்டும். பேச்சு நன்றாகப் போகிறது என்பதற்காக 7 மணிக்கு "ஷட்டில கேன்சல் பண்ணிட்டேன்!" என்று குதிக்காதீர்கள். "கிளம்ப மனசில்ல, ஆனா டபுள்ஸ், மூணு பேரு காத்துக்கிட்டிருக்காங்க. அடுத்த வாரம் தொடரலாம்" என்று எழுந்தால் ஆசையும் தெரியும், சொன்ன சொல்லும் நிற்கும்.

இடத்தைப் பொறுத்தவரை பொது இடம், உட்கார வசதி, பேசினால் கேட்க வேண்டும். சினிமா முதல் சந்திப்புக்கு ஆகாது. இரண்டரை மணி நேரம் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு டிக்கெட் எதற்கு? மே மாதம் நாலு மணிக்கு பீச்சும் வேண்டாம். பெசன்ட் நகர் என்றால் ஐந்தரைக்கு மேல். எழும்பூர் அருங்காட்சியகம் நல்ல தேர்வு, நடந்துகொண்டே பேசலாம், வெண்கலச் சிலைகள் பேச்சுக்கு விஷயம் தரும். ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை, முதல் சந்திப்புக்கு அது தூரமும்கூட. இரண்டாம், மூன்றாம் சந்திப்புக்கு வையுங்கள். பூட்டிய கேட் முன்னால் நின்று கூகுள் மேப்பைத் தட்டுவதைப்போல நம்பிக்கையைக் கரைக்கும் காட்சி வேறில்லை. முந்தின நாளே நேரம் பார்த்துவிடுங்கள். பெண்கள் ஹாஸ்டல் பலவற்றில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குக் கேட் மூடிவிடுவார்கள். அதையும் முன்னதாகக் கேட்டுக்கொள்வது அக்கறை.

"இந்த சனி முடியாது, அடுத்த வாரம் பாக்கலாமா?" என்று மாற்று நேரத்தோடு பதில் வந்தால் ஆர்வம் இருக்கிறது. "கொஞ்சம் பிஸி" என்று மட்டும் வந்தால், "சரிங்க, பரவாயில்ல" என்று விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். மறுபடியும் மாற்று நேரம் இல்லாமல் பிஸி என்றால் அது ‘வேண்டாம்’தான், நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார். "வேணும்னா லீவு போட்டுட்டு வரேன்", "உங்க ஆபீஸ் கீழேயே வந்து நிக்கறேன், அஞ்சு நிமிஷம் போதும்" என்று இறங்கி இறங்கிப் போகாதீர்கள். ஒருவர் தன் நேரத்தை இந்த விலைக்குக் கொடுத்தால் வாங்குகிறவருக்குச் சந்தேகம்தான் வரும்.

எதிரில் உட்கார்ந்த பிறகு

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். ஸ்பீக்கருக்கு அடியிலும் கழிப்பறை வாசலிலும் இல்லாத மேசையாகப் பாருங்கள். அவர் வந்ததும் எழுந்து நின்று, பெயர் சொல்லி வரவேற்று, வாசலைப் பார்க்கும் இருக்கை வேண்டுமா என்று கேளுங்கள். போனை சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். மெனு வந்தால் இருபது நிமிடம் புரட்டாமல், "எனக்கு ஒரு காபி, பசிக்குதுன்னா ஒரு சாண்ட்விச் ஷேர் பண்ணிக்கலாம்" என்று ஒன்றைச் சொல்லுங்கள். அவருக்கும் சேர்த்து நீங்களே ஆர்டர் செய்ய வேண்டாம், அது தலைமை ஆகாது. சர்வர் தவறாகக் கொண்டுவந்தால் அவரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை எதிரில் இருப்பவர் கூர்ந்து பார்ப்பார். உங்கள் நம்பிக்கையை அவர் அளக்கும் இடம் அதுதான்.

கை நடுங்குகிறதா? போகும் வழியில் மூன்று நிமிடம் மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணியும். உட்கார்ந்த பிறகும் பதற்றம் இருந்தால், "கொஞ்சம் நெர்வஸா இருக்கு, அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்" என்று சிரித்துக்கொண்டே ஒருமுறை சொல்லலாம். ஒருமுறைதான். பதற்றத்தில் பேச்சு வேகமெடுக்கும். ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்துங்கள். இரண்டு நொடி மௌனம் வந்தால் பூமி பிளக்காது.

இங்கே ஆண்கள் சறுக்குவது இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில். ஒரு பக்கம் சீன்: சிடிசி (வருடச் சம்பளம்) எவ்வளவு, ஆன்சைட் வேலைக்கு வெளிநாடு போனது எத்தனை முறை, டீம் லீடையே எப்படி மடக்கினேன், தாம்பரத்தில் ஃப்ளாட் புக் பண்ணியது. யாரும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம் தன்னையே மட்டம் தட்டுவது: "நான் கருப்பா இருக்கேன்", "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது", "உங்க ரேஞ்சுக்கு நான்லாம்…" இதைச் சொல்கிறவர் பணிவாக இருப்பதாக நினைப்பார். கேட்கிறவருக்கோ "அய்யோ, அப்படிலாம் இல்லைங்க" என்று தேற்ற வேண்டிய வேலை வந்து சேரும். இரண்டாவது முறை தேற்றியதும் அவர் மனதில் நீங்கள் நண்பராகக்கூட இல்லை, நோயாளி ஆகிவிட்டீர்கள். நிறத்தைப் பற்றியும் ஆங்கிலத்தைப் பற்றியும் நம் ஊர் ஆண்களுக்குள் ஊறிப்போன கூச்சம் பெரியது, ஒரே நாளில் போகாது. போகும்வரை அதைப் பற்றி முதல் சந்திப்பில் பேசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தமிழ் சரளமாக வரும் என்றால் தமிழிலேயே பேசுங்கள். தடுமாறும் ஆங்கிலத்தில் பாதியாகத் தெரிகிற ஆள், தன் மொழியில் முழுசாகத் தெரிவார்.

கருத்து வேறுபட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். அவர் ஒரு படத்தைப் புகழ்ந்தால், பிடிக்காதவர் "ஆமா, சூப்பர்ல" என்று தலையாட்ட வேண்டியதில்லை. "எனக்கு செகண்ட் ஆஃப் இழுத்துது. உங்களுக்கு எந்த இடம் பிடிச்சுது?" போதும். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறவரோடு பேசுவது கண்ணாடியோடு பேசுவது மாதிரி, அரைமணியில் அலுத்துவிடும்.

பில் வந்ததும் தயங்காமல், "இது நான், அடுத்தது நீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த சந்திப்புக்கும் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. அவர் பாதி கொடுப்பேன் என்றால் ஜிபே க்யூஆரைக் காட்டிவிடுங்கள். மூன்று நிமிடம் மல்லுக்கட்ட வேண்டாம். தொடுவது, கை பிடிப்பது எல்லாம் அவராக நெருங்கும்வரை வேண்டாம். சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்.

சந்திப்புக்குப் பிறகு

அன்று இரவே ஒரு மெசேஜ்: "போய்ச் சேந்தாச்சா? இன்னைக்கு நல்லா இருந்துது." மூன்று நாள் கழித்துத்தான் பேச வேண்டும் என்பது வாட்ஸ்அப்புக்கு முந்தைய காலத்து விதி. அடுத்த சந்திப்பை இரண்டு நாளுக்குள் கேளுங்கள், மறுபடியும் நாள், இடம், நேரத்தோடு. இந்தக் கட்டத்தில் ‘கிடைக்காதவர்’ வேஷம் எல்லாவற்றையும் விடப் பலவீனமானது. அறிமுகமான பிறகு, தான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு அதற்கேற்ப நடக்கிறவர்மேல்தான் ஆசை கூடுகிறது.

கேட்டு நடப்பதற்கும் எடுபிடியாக மாறுவதற்கும் கோடு உண்டு. இரண்டாம் வாரத்திலேயே அவர் போனுக்கு ரீசார்ஜ் செய்வது, கேட்காமலே ஸ்விக்கியில் பிரியாணி அனுப்புவது, தாம்பரத்திலிருந்து கிளம்பி சிறுசேரிக்குத் தினம் பைக்கில் கொண்டுபோய் விடுவது எல்லாம் கணக்கில் வரவு வைக்கப்படும் என்று நினைக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் அப்படி ஒரு கணக்குப் புத்தகமே கிடையாது. ஒரு மாதம் கழித்து "இவ்வளவு பண்ணியும்…" என்று தொடங்கும் சண்டை அங்கிருந்துதான் வருகிறது. உடம்பு சரியில்லாதபோது மருந்து வாங்கிக் கொடுங்கள். தினசரி சேவை தொடங்காதீர்கள்.

மனதளவில் கிடைப்பது என்று ஒன்றும் இருக்கிறது. நம் ஆண்கள் அதிகம் மறைப்பது அதைத்தான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், மேட்ரிமோனி தளத்தில் அப்பா ப்ரொஃபைல் போட்டிருக்கிறார், சாதி மாறினால் வீட்டில் நடக்கவே நடக்காது, அதற்காகப் போராடும் உத்தேசமும் இல்லை. இவற்றில் எது உண்மையானாலும் மூன்றாம் சந்திப்புக்குள் சொல்லிவிடுங்கள். "கல்யாணம் பத்தி யோசிக்கறேன், ஆனா வீட்டுல ஜாதகம் பாப்பாங்க, அதுல எவ்வளவு தூரம் எதிர்த்து நிப்பேன்னு இப்பவே சொல்ல முடியல" என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்காது. இரண்டு வருடம் கழித்து "அம்மா ஒத்துக்கல" என்று சொல்வதோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு மேல். கல்யாணம் செய்யும் எண்ணமே இல்லாமல் செய்வதாக வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வது, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வேண்டாம் என்றால்

பத்து தடவை மறுத்த நாயகி பதினோராவது தடவை சிரிப்பதைத் திரையில் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் நாம். விடாமல் பின்னால் சுற்றுவது நம்பிக்கை என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வதும், பின்தொடர்வதும், இணையத்தில் அவரைக் கண்காணிப்பதும் அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வேறு ஐடியில் ஃபாலோ கொடுப்பது, அவர் தோழியிடம் தூது விடுவது, ஆபீஸ் வாசலில் தற்செயலாக நிற்பது எல்லாம் இந்தப் பக்கம் சாய்கிறவைதான்.

"வேண்டாம்" வந்தால் அனுப்ப வேண்டிய மெசேஜ் ஒரு வரி: "நேரா சொன்னதுக்கு நன்றிங்க, பாத்துக்கோங்க." காரணம் கேட்க வேண்டாம். ஸ்டோரியை ஒரு மாதம் ம்யூட் பண்ணுங்கள். அந்த வாரம் ஷட்டிலுக்குக் கட்டாயம் போங்கள்.

உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் இதே நேர்மை வேண்டும். நம் ஆண்கள் மறுப்பதில் மிக மோசம், பதில் போடாமலே கரைந்துவிடுவார்கள். சந்தித்த மறுநாள் மாலைக்குள் இதை அனுப்புங்கள்: "நேத்து பேசினது நல்லா இருந்துது. ஆனா இத மேல கொண்டுபோற அளவுக்கு எனக்குத் தோணல. இழுக்காம சொல்லிடலாம்னு நினைச்சேன்." அவர் என்ன பதில் எழுதினாலும் மரியாதையாக ஒரு வரியில் முடித்துக்கொண்டு மேட்ச்சை எடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு, வேறு யாரும் பேசக் கிடைக்காதபோது, அதே எண்ணுக்கு "ஹாய், எப்படி இருக்கீங்க?" என்று அனுப்பாதீர்கள்.